முதல் வெள்ளி, ஒரு டம்ளர் தண்ணீர்

அத்தியாயம் 11

லியோனார்ட்டின் உதடு வெடித்திருந்தது. ஜானட் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவப் போனாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“மேல தடவி இன்னா பிரயோஜனம்? உள்ள ஈரம் இருந்தாத்தான் ஒதடு காயாம இருக்கும்,” என்றாள் பிலோமி.

பிலோமி லியோனார்ட்டின் அக்கா, ஜானட்டின் நாத்தனார். விடிந்ததுமே கொருக்குப்பேட்டையிலிருந்து வந்துவிட்டாள். இன்று மாதத்தின் முதல் வெள்ளி. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்குச் சாமியார் நற்கருணை எடுத்துவரும் நாள். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சிலுவையை நிறுத்தி, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைத்திருந்தாள் பிலோமி. நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் தண்ணீர். அந்த அப்பத்தை, நன்மையை, வாங்கியதும் நோயாளிக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

“அண்ணி, அந்த டம்ளர எடுத்துருங்க.”

“ஸ்டூல் மேல சிவனேன்னு கீது. அது உன்ன இன்னா பண்ணுச்சு?”

“அவரு கண்ணு அது மேலயே கீது.”

“இருக்காதா பின்ன?”

ஜானட்டுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பியவன் லியோனார்ட். மழை. சாலையோரம் டிரெய்லர் லாரிகளின் வரிசை. சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. மூளையில் கசிந்த ரத்தத்தை எடுத்து உயிரை நிறுத்திவைத்தார்கள். பேச்சு போயிருந்தது. வலது கை போயிருந்தது. விழுங்குவதும் மறந்திருந்தது. மூக்கு வழியே விட்ட குழாயில் மாதக்கணக்கில் அவனுக்குச் சாப்பாடு போயிற்று. இடது கையால் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். எறியாமலிருக்க அந்தக் கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள். கட்டியது ஜானட்தான். அப்போது அவன் பார்த்த பார்வையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குழாயை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் மகிழினி ஒரே ஒரு சட்டம் போட்டாள். பச்சைத் தண்ணீர் கூடாது. எது கொடுத்தாலும் மாவு கலந்து தேன் பதத்தில் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைக் கீழே தாழ்த்தி, சிறு ஸ்பூனில்.

தேன் பதத்தில் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தாகத்தைத் தணிப்பதில்லை.

சந்து முழுக்க ஜானட்டுக்குப் பெயர் வந்துவிட்டது. புருசனுக்குத் தண்ணி குடுக்காதவ. எதிர் வீட்டுப் பவுனம்மாள் குழாயடியில் அதைச் சத்தமாகவே சொல்வாள். ஜானட் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

சாமியார் பத்து மணிவாக்கில் வந்தார். நற்கருணைச் சிமிழ் மார்பில் தொங்கியது. பவுனம்மாளும் இன்னும் சிலரும் தலையில் முக்காடிட்டு வாசலிலேயே மண்டி போட்டார்கள்.

முந்தின நாளே ஜானட் கோயிலுக்குப் போய் அவரிடம் பேசியிருந்தாள். முழு அப்பம் வேண்டாம், ஒரு துணுக்கு போதும் என்று கேட்டிருந்தாள். “துணுக்குலயும் முழு ஆண்டவர்தாம்மா இருக்கார்” என்று அவர் சொல்லியிருந்தார். தெற்கத்திக்காரர். நிதானமானவர்.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

லியோனார்ட்டின் வாய் அசையவில்லை. வாசலில் இருந்தவர்கள் அவனுக்காக ஆமென் சொன்னார்கள்.

சாமியார் கிள்ளிய துணுக்கை ஜானட் நீட்டிய ஸ்பூனில் வைத்தார். கெட்டித் தண்ணீரோடு அதை அவன் நாக்கில் வைத்து முகவாயைத் தாழ்த்தினாள் ஜானட். இரண்டு விரலை அவன் தொண்டையில் வைத்துக் காத்திருந்தாள். குரல்வளை ஏறியது. இறங்கியது. அவள் மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முடிவதற்குள் பிலோமி டம்ளரை எடுத்துவிட்டாள்.

லியோனார்ட் தலையை அவள் பக்கம் திருப்பினான். தானாகத் திருப்பினான். முகவாயைத் தூக்கினான். வாயைத் திறந்தான். பழக்கப்பட்டவன் திறக்கிற மாதிரி.

ஜானட் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

தண்ணீர் வெள்ளைத் துணியில் கொட்டியது. ஒரு மெழுகுவத்தி அணைந்தது. டம்ளர் கட்டிலுக்கடியில் உருண்டு போய்ச் சுவரில் இடித்து நின்றது.

“ஆண்டவரே!” என்றாள் பவுனம்மாள். “நன்மை வாங்கற நேரத்துல கைய ஓங்கறாளே! இவளுக்கு இன்னா பேயா புட்ச்சிகீது?”

“விடுங்க. பயத்துல செஞ்சிட்டாங்க,” என்றார் சாமியார். அவர் விரல்கள் சிமிழை மூடிப் பிடித்திருந்தன. ஆசீர் கொடுத்தார். ஜானட்டின் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினார். வாசல் கூட்டமும் அவர் பின்னால் கலைந்தது. பவுனம்மாள் மட்டும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பிலோமி ஸ்டூல் துணியைப் பிழிந்தாள்.

“எல்லார் எதிர்லயும் என்ன அசிங்கப்பட்த்திட்ட.”

“மிஸ்ஸு சொன்னத நூறு தடவ சொல்லிட்டேன் அண்ணி. பச்சத் தண்ணி அவருக்கு ஆவாது.”

“அந்தப் பொண்ணு பொஸ்தகத்துல படிச்சதச் சொல்லுது. நான் கண்ணால பாக்கறேன். மடக்கு மடக்குன்னு குடிக்கறான். ஒரு இருமலு? ஒரு பொறையேறலு? ஒண்ணுங் கெடயாது. தெனம் பாத்துகினுதான கீறேன்.”

ஜானட் அவளைப் பார்த்தாள்.

“தெனமா?”

பிலோமிக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. ஆனால் பின்வாங்குகிறவள் இல்லை அவள்.

“ஆமா. தெனந்தான். நீ டியூட்டிக்குப் போனதும். பின்ன, என் தம்பி நாக்கு வறண்டு சாவணுமா?”

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஜானட்டுக்கு வேலை. வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவள் போய் வரும்வரை லியோனார்ட்டைப் பார்த்துக்கொள்வது பிலோமி. சம்பளம் வாங்காத ஆள். ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை.

சாயங்காலம் ஜானட் திரும்பும்போது அவனுக்கு உடம்பு சுடும். கடற்காற்று என்றார்கள். தலைக்கு ஊற்றியதால் என்றாள் பிலோமி. தலைக்கு ஊற்றுவதை ஜானட் நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியைக் குறைத்தாள். தன் கை பட்டதால்தானோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

“எத்தினி வாட்டி காய்ச்சல் வந்துச்சு அண்ணி? கூடவேதான இருந்தீங்க?”

“தண்ணி குடிச்சா காய்ச்சல் வருமா? எந்த ஊர்ல?” பிலோமியின் குரல் உயர்ந்தது. “கேக்கறவனுக்கு எப்டிமே இல்லேன்றது? உன்னால முடியும். என்னால முடியாது.”

“கேக்கறவரா? அவரு எங்க கேக்கறாரு?”

“தண்ணின்னு கேக்கறான். வாயத் தொறந்து.”

ஜானட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, குளிக்கக்கூடப் போகாமல், கண்ணாடியை அவன் முன்னால் பிடித்துக்கொண்டு உட்காருவாள் அவள். வாயை அகலத் திறந்து காட்டுவாள். ஆ. ஊ. ஜா. ஜா-னட். அவன் கண்ணாடியில் தெரியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்குத் தாடை வலிக்கும்.

“எப்பலருந்து?”

“ஈஸ்டருக்கு முன்னாடியே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, எதுக்குக் கேட்டாரு, நீங்க இன்னா குடுத்தீங்கன்னு நோண்டுவ. நிறுத்திருவ.”

அவ்வளவுதான் காரணம். ஈஸ்டர் போய்க் கோடை விடுமுறையும் முடிந்துவிட்டது. புருசன் பேசிய முதல் வார்த்தையை இன்னொருத்தி இத்தனை நாளும் முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள்.

“வெளிய போ,” என்றாள் ஜானட்.

அண்ணியை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை.

“இன்னாது?”

“இந்த வூட்டுப் படி ஏறாத. போ.”

பிலோமி துணியை மடித்து ஸ்டூலின் மேல் வைத்தாள். சிலுவையை எடுத்து முத்தமிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அவள் வீட்டுச் சிலுவை. தம்பியின் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டாள்.

“நாளைக்கு டியூட்டிக்கு எப்டிப் போறன்னு நானும் பாக்கறேன்,” என்றாள்.

அவள் சந்து திரும்பி மறையும்வரை லியோனார்ட்டின் கண் வாசலிலேயே இருந்தது.

ஜானட் அன்று லீவு என்பதால், வழக்கமாகச் சாயங்காலம் வரும் மகிழினி மத்தியானமே வந்தாள். வியாசர்பாடிப் பெண். ஸ்கூட்டியில் வெயிலோடு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கட்டிலைப் பார்த்தாள்.

“எப்பவும் இந்நேரம் தூங்குவாராக்கா?”

“காலைல கொஞ்சம் கலாட்டா ஆயிடுச்சு மிஸ்.”

மகிழினி அவன் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டினாள். நெற்றியைத் தொட்டாள். விலா எலும்பின் மேல் கையை வைத்து மூச்சைக் கவனித்தாள். ஜானட் எல்லாவற்றையும் சொன்னாள். டம்ளரைத் தட்டிவிட்டது, தினமும் கொடுத்தது, தண்ணி என்று கேட்டது எல்லாம்.

மகிழினி கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

“இருமலே இல்லன்னு சொன்னாங்களா?”

“ஆமா. அதான் பெருமையாச் சொன்னாங்க.”

“அதான்க்கா மோசம். நமக்கு ஒரு சொட்டுத் தப்பாப் போனாலும் இருமல் வந்து வெளிய தள்ளிடும். இவருக்கு அந்தக் காவல் கெடயாது. சத்தமே இல்லாம நெஞ்சுக்குள்ள எறங்கிடும். தெனம் கொஞ்சம் கொஞ்சமா.”

“இத நீங்க அண்ணிகிட்ட சொல்லிருக்கீங்களா?”

மகிழினி யோசித்தாள். “உங்ககிட்டதானே சொன்னேன். நான் வர்ற நேரம் நீங்கதானேக்கா வீட்ல இருப்பீங்க.”

யார் மேலும் தப்பு இல்லை என்று அவள் சொல்ல வருவதுபோல் இருந்தது. ஜானட்டுக்கு அது பிடிக்கவில்லை. யார் மேலாவது தப்பு இருந்தாக வேண்டும்.

மகிழினி டாக்டருக்குப் போன் செய்தாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, விரலில் மாட்டிய கருவி காட்டுவது இப்போதைக்குப் பரவாயில்லை என்றாள். மறுமுனையில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஜானட்டைப் பார்த்தாள்.

“ஆறு மணிக்கு டாக்டரே வர்றார். அதுக்குள்ள, காய்ச்சலுக்கு வாங்கி வச்சிருக்கீங்களே, அந்த மாத்திரையைப் பொடி பண்ணி கெட்டித் தண்ணில உள்ள போகணும். கஞ்சியும் போகணும். வாய் வழியா எடுத்துக்கிட்டார்னா வீட்லயே வச்சுப் பாக்கலாமாம்.”

“இல்லேன்னா?”

“ஆஸ்பத்திரிதான்க்கா. திரும்பவும் டியூப்.”

டியூப் என்றால் பிடுங்குவான். பிடுங்கினால் கட்ட வேண்டும். ஜானட் எழுந்து போய் மாத்திரையைக் கரைத்தாள்.

அவனை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். ஜானட் ஸ்பூனை உதட்டுக்குக் கொண்டுபோனாள். உதடு மூடியிருந்தது. காத்திருந்தாள். மறுபடி கொண்டுபோனாள்.

“இத மட்டும் குடிச்சிருங்க. ஒரே ஒரு வாய்.”

பல்லைக் கடித்துக்கொண்டான்.

“உங்க கையக் கட்டச் சொல்லுவாங்க. நான் மறுபடியும் கட்ட மாட்டேன். குடிச்சிருங்க.”

இடது கை மேலே வந்தது. ஸ்பூன் பறந்தது. அவள் நைட்டியின் முன்பக்கம் முழுக்க மருந்து வழிந்தது.

மகிழினி முயன்றாள். அவளுக்கும் வாய் திறக்கவில்லை. ஐஸ் கட்டியால் உதட்டைத் தொட்டாள். கன்னத்தை நீவினாள். பாட்டுப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

அப்போது அவன் வாசலைப் பார்த்தான். தொண்டையில் ஏதோ உரசியது. உதடு பிரிந்தது.

“அக்கா.”

துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி ஒரு குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

மகிழினி துள்ளி எழுந்தாள். “சார்! இன்னொரு தடவ! இன்னொரு தடவ சொல்லுங்க சார்!”

“அக்கா.”

கைதட்டப் போன மகிழினி ஜானட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டாள்.

பிறகு சொன்னாள்: “அவங்க குடுத்தா குடிப்பார்க்கா. கூப்பிடுங்க. எப்படிக் குடுக்கணும்னு நான் பக்கத்துலயே இருந்து சொல்லித் தர்றேன்.”

ஜானட் போன் செய்தாள். மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். இந்த முறை அடிக்கவே இல்லை.

நைட்டியை மாற்றிக்கொண்டு, மகிழினியை அவனோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பவுனம்மாள் இன்னும் படியில்தான் இருந்தாள். “எங்க, சாமியார்கிட்ட மன்னிப்பு கேக்கவா?” என்றாள். ஜானட் நிற்கவில்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷேர் ஆட்டோ மற்ற வண்டிகளோடு நின்றது. சரக்கு ரயில் ஊர்ந்து போய், நின்று, பிறகு பின்னால் நகர்ந்தது. ஜானட் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். தப்பு என் மேலதான் என்று சொல்லலாம். அது பொய். அந்தப் பொய்யைச் சொல்ல அவள் தயாராக இருந்தாள்.

பிலோமி வீட்டுக்குள்ளிருந்து டிரில் சத்தம் வந்தது. கதவு திறந்திருந்தது.

முன் அறையில் ஒரு இரும்புக் கட்டில். காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து நேராக நகர்த்துகிற உயரம். ஜன்னல் பக்கமாகத் தலைமாடு. பாத்ரூம் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, நிலையை அகலப்படுத்தியிருந்தார்கள். உள்ளே பிலோமியின் புருசன் பிராங்கிளின் டிரில்லோடு குந்தியிருந்தார். எண்ணூரில் வெல்டர். சுவரில் இரண்டு எவர்சில்வர் கைப்பிடிக் கம்பிகள். ஒன்றைச் சுற்றியிருந்த சிமெண்ட் இன்னும் ஈரம். இன்னொன்றின் சிமெண்ட் எப்போதோ காய்ந்து வெளுத்திருந்தது.

“தங்கச்சி,” என்றார் பிராங்கிளின். டிரில்லைக் கீழே வைத்தார். “வாம்மா. உக்காரு. மச்சான் எப்டிக்கீறாரு?”

ஜானட் வெளுத்த சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பாத்ரூமில் கம்பி போட்டுத் தரும்படி இவரைத்தான் முதலில் கேட்டாள். டைல்ஸில் ஓட்டை போட ஓனர் விட மாட்டான், விட்டுத்தள்ளு என்றார்.

“எப்ப அண்ணே போட்டீங்க இத?”

“அது... உங்கிட்ட கேட்டுட்டுத்தான்மா மேக்கொண்டு... சும்மா போட்டு வச்சேன்.”

“சும்மா யாராவது வெல்டு வப்பாங்களா?” பிலோமி சமையலறையிலிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள். “என் தம்பிக்குப் போட்டது. ஒளிக்க இன்னா கீது?”

ஜானட் சொல்ல வைத்திருந்த பொய்யைச் சொன்னாள். “தப்பு என் மேலதான் அண்ணி. வாங்க. அவருக்கு நெஞ்சுல சளி கட்டிகிச்சு. ஆறு மணிக்குள்ள மருந்து போவலேன்னா மறுபடியும் டியூபு. என் கையால வாங்க மாட்டேன்றாரு.”

பிலோமி தரையில் உதிர்ந்திருந்த சிமெண்டைக் காலால் ஒதுக்கினாள்.

“உங்களதான் கூப்டறாரு,” என்றாள் ஜானட். “அக்கான்னு.”

பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிராங்கிளின் தலையைத் திருப்பிக்கொண்டார். சிறிது நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முகத்தில் வேறு ஒரு தெளிவு வந்திருந்தது.

“வரேன். நான் குடுத்தா குடிப்பான். அந்தப் பொண்ணு சொல்ற மாதிரியே குடுக்கறேன், கெட்டியாவே குடுக்கறேன். தண்ணியால வந்துதா, நீ ஊத்துன குளியலால வந்துதான்னு இப்ப பேச வேணாம்.”

“சரி அண்ணி.”

“அவன் குடிச்சு முடிக்கட்டும். டாக்டரு வரட்டும். எல்லாரும் இருக்கறப்போ அவனையே கேப்போம். இந்த வூட்லயா, அந்த வூட்லயான்னு. இன்னும் இன்னா, பேசறானே. அவன் வாயாலயே சொல்லட்டும்.”

“பிலோமி...” என்றார் பிராங்கிளின்.

“நீ சும்மா இருய்யா. நியாயமாத்தான கேக்கறேன்?”

ஜானட் கை நீட்டிக் காய்ந்த கம்பியைப் பிடித்தாள். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். அது அசையவில்லை. நல்ல வேலை. லியோனார்ட் இதைப் பிடித்து எழுந்திருப்பான். இதைப் பிடித்து நிற்பான்.

அவனிடம் இப்போது இருப்பவை இரண்டு வார்த்தைகள்: தண்ணி, அக்கா. யார் எதைக் கேட்டாலும் அந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வான்.

கேட் திறந்துவிட்டதற்கு அடையாளமாகத் தெருக்கோடியில் ஹாரன்கள் மொத்தமாகக் கிளம்பின.

“செருப்ப மாட்டுங்க அண்ணி,” என்றாள் ஜானட். “டாக்டரு வர்ற நேரமாச்சு.”